மருந்து எழுதும் கை

தமிழில் மருந்தை எழுதுகிறார்கள். “டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தாரு?” என்றுதான் மருத்துவமனையிலிருந்து திரும்பியவளை வீடு கேட்கும். செவிலியர் மருந்து எழுதினார் என்று நான் கேட்டதில்லை. நர்சம்மா மாத்திரை கொடுத்தாங்க, ஊசி போட்டாங்க, பிரஷர் பார்த்தாங்க, அவ்வளவுதான். எழுதுவது ஒரு கை, கொடுப்பது வேறொரு கை. எழுதும் கைக்குப் பதிவு எண் உண்டு, முத்திரை உண்டு, கட்டணம் உண்டு. கொடுக்கும் கைக்குப் பெரும்பாலும் பெயர்கூடக் கிடையாது. ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் போதும்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. தமிழில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, கவிதை எழுதிக்கொண்டிருப்பவள். இந்த விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்டால், யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது என்ற கேள்வியோடுதான் இருபது ஆண்டுகளாக வாழ்கிறேன் என்பேன். பெண் எழுத வந்த ஒவ்வொரு துறையிலும், அவள் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே, எழுத அனுமதி கொடுத்தது யார் என்று விசாரித்திருக்கிறார்கள். மருந்துச் சீட்டிலும் அதே விசாரணைதான் நடக்கிறது.

நான் சொல்ல வருவது இது. முறையான மேற்பயிற்சி பெற்ற செவிலியருக்கும் மருத்துவச்சிக்கும், வரையறுத்த பட்டியலிலிருந்து மருந்து எழுதும் உரிமையைச் சட்டம் வெளிப்படையாகத் தர வேண்டும். அந்த உரிமையோடு பொறுப்பும், பதிவும், தணிக்கையும், ஊதியமும் சேர்ந்து வர வேண்டும். இன்று நம் சுகாதாரத் துறை பெண்களிடமிருந்து வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றவற்றை மறுக்கிறது. அதனால் வரும் ஆபத்தைச் சுமப்பவர்களும் பெண்களே.

சட்டம் தேர்ந்தெடுத்த வினைச்சொல்

1945-ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65-ஆவது விதி, மருந்துச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு மருந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் கையெழுத்திடுபவர் ஆண்பாலில்தான் இருக்கிறார். சட்டத்தில் ஆண்பால் பெண்பாலையும் குறிக்கும் என்று வழக்கறிஞர்கள் விளக்குவார்கள். இருக்கட்டும்.

அதே விதிகளின் ‘கே’ பட்டியலுக்குப் போனால் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களையும் துணை சுகாதார நிலையங்களையும் சேர்ந்த செவிலியர், துணைச் செவிலியர், பெண் சுகாதாரப் பார்வையாளர், அங்கன்வாடிப் பணியாளர். இவர்கள் மருந்து தருவதற்கு விற்பனை உரிமம் வேண்டாம் என்று விலக்கு அளிக்கிறது அந்தப் பட்டியல். அங்கே இவர்களுக்கு உரிய வினைச்சொல் ‘வழங்குதல்’. ரேஷன் கடையில் சர்க்கரை வழங்குவதுபோல இவர்கள் மருந்து வழங்குகிறார்கள். என்ன நோய் என்று பார்த்தது, எந்த மருந்து என்று முடிவெடுத்தது, எவ்வளவு என்று கணக்குப் போட்டது எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

உண்மையில் என்ன நடக்கிறது? இரவு இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவருகிறார்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு கண்டிருக்கிறது. பணியில் இருப்பவர் செவிலியர் மட்டும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் தவணை மக்னீசியம் சல்பேட்டை அவரே போடலாம். மொத்தம் 10 கிராம், இரண்டு புட்டங்களிலும் ஆளுக்குப் பாதியாக 5 கிராம், தசைக்குள் ஆழமாக. இது பேறுகால வலிப்புதான், காக்காய் வலிப்பு அல்ல என்று முடிவு செய்வது அவர். குழந்தை பிறந்தவுடன் இரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் போடுவதும் அவர்தான். இவை சாதாரண மருந்துகள் அல்ல. அளவு தவறினால் மக்னீசியம் மூச்சை நிறுத்தும். பிரசவத்துக்கு முன் கணக்கில்லாமல் ஏற்றிய ஆக்சிடோசின் கர்ப்பப்பையைக் கிழிக்கும். இவ்வளவையும் அவர் கையில் கொடுத்திருக்கிறோம். இரண்டு மாதக் கர்ப்பிணிக்கு வாந்தி நிற்க ஒரு மாத்திரையைத் தன் பெயரில் எழுதும் உரிமையைத்தான் கொடுக்கவில்லை.

நலவாழ்வு மையங்களில் இன்று ஒரு காட்சியைப் பார்க்கலாம். பி.எஸ்சி. நர்சிங் படித்த இடைநிலை சுகாதாரச் செவிலியர் நோயாளியிடம் பேசுகிறார், வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், சர்க்கரை அளவெடுக்கிறார். பிறகு இ-சஞ்சீவனியில் எங்கோ இருக்கும் டாக்டரைத் திரையில் அழைத்து, கண்டதையெல்லாம் ஒப்பிக்கிறார். டாக்டர் சில நிமிடங்களில் மருந்து எழுதுகிறார். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி எழுதும் அதிகாரம் பதிவு பெற்ற மருத்துவருக்கே. தொட்டுப் பார்த்தவர் எழுதக் கூடாது, தொடாதவர் எழுதலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். கூலி வேலைக்குப் போகும் பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பிரஷர் மாத்திரைக்காக வரிசையில் நிற்க வேண்டாம் என்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் வீடு வீடாக நடந்து மாத்திரையைக் கொண்டுசேர்க்கும் பெண்ணுக்கு அரசு வைத்த பெயரைப் பாருங்கள்: ‘தன்னார்வலர்’. ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிறவளின் ஆர்வத்தைப் பெயரிலேயே எழுதிவிட்டால், சம்பளத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

மருத்துவச்சி எப்படிச் சுருங்கினாள்

மருத்துவன், மருத்துவர், மருத்துவச்சி மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மருத்துவர் என்ற சொல் எம்.டி., எம்.எஸ். பட்டங்களோடு உயர்ந்துபோனது. மருத்துவச்சி, பிள்ளைப்பேறு பார்ப்பவள் என்ற ஒரே பொருளோடு ஊரின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். பல ஊர்களில் அவள் முடிதிருத்தும் சாதியைச் சேர்ந்தவள். ஊர்க் குழந்தைகள் அத்தனையையும் கையில் ஏந்தியவளைத் திண்ணைக்கு மேல் ஏற்றாத சமூகம் இது. அவளுடைய அறிவு ‘கைராசி’ என்று பாராட்டப்பட்டது. அறிவு என்று ஒப்புக்கொள்ளப்படவில்லை. எழுதிவைக்க எழுத்தும் அவளுக்குத் தரப்படவில்லை. அவளுடைய கைவைத்தியத்தில் எது சரி, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்க ஒரு பதிவும் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். நான் பழைய கைவைத்தியத்தைத் தூக்கிப் பிடிக்கவில்லை. பதிவில்லாத அறிவு திருத்திக்கொள்ள முடியாத அறிவு என்பதைச் சொல்கிறேன்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். அந்த நான்காமவருக்கு வள்ளுவர் தரும் சொல் ‘உழைச்செல்வான்’. விகுதி ஆண்பாலாக இருந்தாலும், மற்ற மூன்றோடும் சமமாக எண்ணி வைக்கப்பட்ட இடம் அது. மேடைதோறும் குறள் சொல்லும் நம் ஆட்சியாளர்கள் அந்த நாலாவது இடத்தை மட்டும் தொகுப்பூதியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆறு படிகளில் ஒன்று

மருந்து எழுதுவது என்றால் என்ன? 1994-இல் உலக சுகாதார நிறுவனம், நல்ல முறையில் மருந்து எழுதுவதற்கென்று மருத்துவ மாணவர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதில் ஆறு படிகள் உண்டு. நோயாளியின் பிரச்சினை என்ன என்று கண்டறிவது முதல் படி. இந்தச் சிகிச்சையால் எதை அடையப்போகிறோம் என்று தீர்மானிப்பது இரண்டாவது. தேர்ந்தெடுத்த மருந்து இந்த ஆளுக்குப் பொருந்துமா, பாதுகாப்பானதா என்று சரிபார்ப்பது மூன்றாவது. சிகிச்சையைத் தொடங்குவது, அதாவது சீட்டு எழுதுவது, நான்காவது. தகவலும் எச்சரிக்கையும் சொல்வது ஐந்தாவது. தொடர்ந்து கவனிப்பதும், தேவைப்பட்டால் நிறுத்துவதும் ஆறாவது.

இந்த ஆறையும் நம் மருத்துவமனைகளில் பொருத்திப் பாருங்கள். “கடைசியா எப்போ தலைக்கு ஊத்தின?” என்று கேட்பது யார்? பால் கொடுக்கிறாளா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், முன்பு எந்த ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்தது என்று விசாரிப்பது யார்? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், பயப்படாதே, டீ குடித்தவுடன் போடாதே என்று சொல்வது யார்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரைக்குப் பஞ்சமில்லை. கர்ப்பிணிக்கு 180 நாளுக்கு மாத்திரை தரத் திட்டம் இருக்கிறது. ஐந்தாவது படி நடக்காத இடத்தில் அந்த மாத்திரை அட்டை பரணில் கிடக்கிறது. அது நடக்கும் இடத்தில் அதை நடத்துவது பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்.

ஆறு படிகளில் ஐந்தை ஒரு பெண் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். நான்காவது படியை மட்டும் பிரித்தெடுத்து அதற்குள் மதிப்பு முழுவதையும் அடைத்து வைத்திருக்கிறோம். இப்படிப் பிரிப்பதால் நோயாளிக்கும் கேடுதான். கேட்டவருக்கு எழுதும் அதிகாரம் இல்லை. எழுதியவருக்குக் கேட்ட விவரம் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை.

மறுக்கப்பட்ட பேனா எங்கே போகிறது

செவிலியரிடம் பேனாவைக் கொடுக்காவிட்டால் அது டாக்டரிடம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அது மெடிக்கல் ஷாப் கல்லாவுக்கும், அங்கே போய் நிற்கும் கணவனுக்கும் போகிறது.

2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, 2015-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டது. அவற்றில் 73 சதவீதம், அதாவது சுமார் 1 கோடியே 15 லட்சம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. கருத்தரித்து எத்தனை வாரம் என்று கேட்டது யார்? கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, குழாயில் தங்கியிருக்கிறதா என்று யோசித்தது யார்? எவ்வளவு இரத்தம் போனால் உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொன்னது யார்? பல வீடுகளில் கணவன் வாங்கி வருகிறான், மனைவி விழுங்குகிறாள்.

மருத்துவ முறையில் தொடக்கக் காலக் கருக்கலைப்பைப் பயிற்சி பெற்ற செவிலியரும் மருத்துவச்சியும் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே நம் நாட்டில் கருக்கலைப்புச் சட்டத் திருத்த வரைவு ஒன்று அவர்களைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தது. 2021-இல் திருத்தம் சட்டமானபோது அந்தப் பகுதி அதில் இல்லை. மாத்திரையால் கலைப்பதும் மருத்துவரின் அதிகாரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. படித்த, பதிவு பெற்ற, கேள்வி கேட்கத் தெரிந்த பெண்ணை விலக்கி வைத்துவிட்டு, எதுவும் கேட்காத கல்லாவை விட்டுவைத்திருக்கிறோம். இதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர்.

இன்னொன்று நம் எல்லோருக்கும் தெரிந்தது, பேசத்தான் மாட்டோம். கோயில் கொடை, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை. என் மாணவி ஒருத்தி ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வந்து, “அம்மா, இதை எத்தனை நாள் போடணும்?” என்று அட்டையை நீட்டினாள். நோரெத்திஸ்டெரோன். ஊர்த் திருவிழாவுக்காக அவளுடைய அத்தை வாங்கிக் கொடுத்தது. கடையில் சீட்டு கேட்கவில்லை. இரத்தம் உறைந்து கட்டிய வரலாறு அவளுக்கோ குடும்பத்திலோ உண்டா, கல்லீரல் நோய் உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று எதையும் கேட்கவில்லை. திருவிழா எப்போது என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஹார்மோன் மருந்தை ஒரு பெண்ணின் உடலுக்குள் அனுப்பியவர்கள் சாமி, அத்தை, கடைக்காரர். கல்லூரிச் சுகாதார அறையில் அந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, “வேண்டாம்” என்றோ “இத்தனை நாள் மட்டும்” என்றோ எழுதிக் கையெழுத்திடும் ஒரு செவிலியர் இருந்தால், அதை மருத்துவத் தரம் தாழ்ந்துபோவது என்று யார் சொல்ல முடியும்? தீட்டு என்பதையே எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் போராட்டம் முடியும் வரை இவள் உடல் காத்திருக்காது.

பேனா அவர்களிடமே இருந்தபோது

மருத்துவரின் கையெழுத்து பெண்ணுடலைக் காத்துவிட்டது என்பதற்கு வரலாறு சாட்சி சொல்லவில்லை. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைத்தது. 1993-இல்தான் அந்த வழிகாட்டுதலை மாற்றியது. இடைப்பட்ட காலத்து மருந்துகள் பலவற்றின் அளவு ஆணுடலை வைத்துப் போட்ட கணக்கு. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்ணுடலில் மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது 2013-இல். அதற்குமுன் இருபது ஆண்டுகளாக அது விற்பனையில் இருந்தது.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. அதிக அளவு ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டெரோனும் கலந்த மருந்துகளைக் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இங்கே டாக்டர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கருவுக்குக் கேடு வரலாம் என்ற எச்சரிக்கை வந்தபிறகும் எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் போராடின. 1982-இல் அரசு தடைசெய்ய முயன்றது. மருந்து நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பொது விசாரணைகள் நடந்தன. 1988-இல்தான் தடை வந்தது.

இங்கிலாந்தில் இதே வகை மருந்து பிரிமோடோஸ். 1967-இல் இசபெல் கால் என்ற பெண் மருத்துவர் அதைப் பற்றி எச்சரித்தார். 1978 வரை அது விற்கப்பட்டது. பிரிமோடோஸ், கர்ப்பிணிகளுக்கு எழுதப்பட்ட வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து, இடுப்பில் பொருத்தும் வலை ஆகிய மூன்றையும் விசாரித்த குழு 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. பிரிமோடோஸை 1967-லேயே சந்தையிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்றது. வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னதைப் பல ஆண்டுகள் யாரும் காதில் வாங்கவில்லை என்பதே அதன் மையமான கண்டனம். அந்தக் குழுவின் தலைவர் ஜூலியா கம்பர்லிஜ்.

இந்தப் பெயரை நம் நர்சிங் மாணவிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1986-இல் இங்கிலாந்தில் சமூகச் செவிலியர் பணி பற்றி ஆராய்ந்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். புண்ணுக்குக் கட்டும் துணிக்கும் களிம்புக்கும்கூட டாக்டரின் கையெழுத்துக்காகச் செவிலியர்கள் காத்துக் கிடப்பதைப் பார்த்து, குறிப்பிட்ட பட்டியலிலிருந்து அவர்களே எழுதலாம் என்று பரிந்துரைத்தது அந்தக் குழு. 1992-இல் சட்டம் வந்தது. 2006-இல் உரிய பயிற்சி பெற்ற செவிலியர்கள் தங்கள் திறனுக்கு உட்பட்ட ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் சுயமாக எழுதும் உரிமை பெற்றார்கள். இருபது ஆண்டுகள், படிப்படியாக. செவிலியருக்குப் பேனா வேண்டும் என்று சொன்னவரும், பெண்களைக் கேட்காத பேனா என்ன செய்தது என்று விசாரித்தவரும் ஒருவரே. இரண்டும் ஒரே வேலை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

எதிர்க்கிறவர்களுக்கு

முதல் எதிர்ப்பு: உயிரோடு விளையாடாதீர்கள். 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுத்த உரிமம் தந்தபோது, இது போலி மருத்துவத்துக்குச் சட்ட அங்கீகாரம் என்று சொல்லி ஜூலை 31 அன்று மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரிவு தெளிவில்லாதது. யாருக்கு, என்ன படிப்புக்கு என்று அது சரியாகச் சொல்லவில்லை. அந்தக் குறையை நானும் ஏற்கிறேன். ஆனால் நான்கு ஆண்டுகள் நர்சிங் படித்து, மேலே பயிற்சி பெற்றவரைப் போலி என்று அழைப்பதை ஏற்க மாட்டேன். 2016-இல் காக்ரேன் அமைப்பு, செவிலியரும் மருந்தாளுநரும் மருந்து எழுதுவதை மருத்துவர் எழுதுவதோடு ஒப்பிட்ட 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றில் பலன் ஏறக்குறைய சமமாக இருந்தது. பெரும்பாலான ஆய்வுகள் பணக்கார நாடுகளில் நடந்தவை. அங்கே பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. இங்கேயும் அவற்றைக் கேட்கிறேன்.

இரண்டாவது எதிர்ப்பு நம் தோழர்களிடமிருந்து வருகிறது: பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு நர்ஸா? நியாயமான கேள்வி. காலி மருத்துவர் இடங்களை நிரப்பாமல் இருக்க இது சாக்காகக் கூடாது. செவிலியர் எழுதும் சீட்டு நகரத்துப் பெரிய மருத்துவமனையிலும் செல்ல வேண்டும். கிராமத்தில் மட்டும் செல்லும் சீட்டு என்றால் நானே எதிர்ப்பேன்.

மூன்றாவது எதிர்ப்பைச் செவிலியர்களே சொல்கிறார்கள்: இருக்கிற வேலையே முதுகை ஒடிக்கிறது, இதுவும் எங்கள் தலையிலா? 2015-இல் தேர்வெழுதித் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தார்கள். அந்த நினைவு இருக்கும்போது ‘புதிய அதிகாரம்’ என்ற சொல்லை யார் நம்புவார்கள்? ஊதியமில்லாத அதிகாரம் என்பது இன்னும் கொஞ்சம் வேலைதான். அதனால்தான் என் கோரிக்கைகளை ஒன்றோடொன்று சேர்த்தே வைக்கிறேன்.

பெண் கை என்பதாலேயே பேனா சுத்தமாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் போதை தரும் வலிமருந்துகளை அளவில்லாமல் எழுதிக் கொடுத்ததற்காக டாக்டர்களோடு நர்ஸ் பிராக்டிஷனர்களும் தண்டனை பெற்றிருக்கிறார்கள். அன்பளிப்போடு காத்திருக்கும் மருந்துக் கம்பெனிக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

என்ன வேண்டும்

மகப்பேறு, கருத்தடை, தொடக்கக் காலக் கருக்கலைப்பு, இரத்தசோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தெளிவான மருந்துப் பட்டியல் வேண்டும். அதற்கு மருந்தியல் பாடமும், மேற்பார்வையில் எழுதிப் பழகும் காலமும், தேர்வும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துகிறவர்கள் மருந்து எழுதும் உரிமையை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இங்கிலாந்தில் டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் எல்லோருக்கும் பொதுவான திறன் வரையறை இருக்கிறது. இங்கும் கர்ப்பமா, பால் கொடுக்கிறாயா, வேறென்ன மாத்திரை என்று கேட்டுக் குறிக்காத சீட்டு, யார் எழுதினாலும் முழுமையற்ற சீட்டாகக் கருதப்பட வேண்டும். மருந்தை நிறுத்தும் அதிகாரமும் எழுதும் அதிகாரத்தின் பகுதி. ஐந்து டாக்டர்கள் எழுதிய பதினோரு மாத்திரைகளை ஒரு பாட்டி விழுங்கிக்கொண்டிருந்தால், உட்கார்ந்து பார்த்து வேண்டாததைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். தவறு நடந்தால் அதைத் தானே தெரிவிக்கும் செவிலியரைப் பணிநீக்கம் செய்யாத ஏற்பாடு வேண்டும். பயந்தவர்கள் மறைப்பார்கள், மறைத்த தவறு அடுத்த நோயாளிக்கும் நடக்கும். “இது என் வரம்புக்கு மேலே, அனுப்புகிறேன்” என்று சொல்லும் உரிமையும், அனுப்ப வண்டியும் வேண்டும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் செவிலியர் அறைக்குள் நுழையக் கூடாது. இந்தப் பொறுப்புக்கான ஊதியம் நிரந்தரப் பணியில், எழுத்தில் வேண்டும்.

தமிழ் வாத்தியாராக ஒன்றைச் சேர்க்கிறேன். சீட்டில் சாப்பிட வேண்டிய முறை தமிழில், படிக்கும்படி இருக்க வேண்டும். எதற்கு இந்த மாத்திரை, எத்தனை நாள், என்ன ஆனால் உடனே வர வேண்டும் என்ற மூன்று வரிகள். நோயாளியால் படிக்க முடியாத எழுத்தில் இரகசியமாகவே இருந்துவிட்டது இந்த அதிகாரம். புதிதாகப் பேனா பிடிக்கும் பெண்கள் அந்த இரகசியத்தைத் தொடரக் கூடாது.

நர்சிங் படிக்கும் மாணவிகளுக்கு: மருந்தியலைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். நாளை உங்கள் பெயரில் கையெழுத்திடப்போகிறவர்களாகப் படியுங்கள். மற்ற பெண்களுக்கு: யார் எழுதிய சீட்டானாலும், அதை மடித்துப் பர்ஸில் வைப்பதற்கு முன் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் சொல்ல நேரமில்லை என்பவரிடம், இன்னொரு முறை சத்தமாகக் கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவளுக்கும் கேட்கட்டும்.